ஊர்ப் பொதுநிதியும் நம் சங்கங்களும்

தமிழ் மக்கள் தொழிலை நாடியும் உத்தியோகத்தை நாடியும் பிற மாநிலங்களுக்குச் சென்ற இடங்களில் எல்லாம் பொதுப்பணிக்கென ஏதேனும் ஒரு நிலையத்தை நிறுவி வந்திருக்கின்றனர். தில்லியில் தமிழர் கல்விக் கழகத்தின் பணி 1923-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மும்பையில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இலும் அமைந்தன. பெயர் பெற்ற இந்நிலையங்களைத் தவிர, ஒரு வாடகை அறையும் ஓர் அலமாரிப் புத்தகங்களுமே சொத்தாகக் கொண்ட சிறு சங்கங்களும் பல நகரங்களில் உள்ளன. இப்பேச்சு முக்கியமாக அத்தகைய சிறு சங்கங்களை நடத்தும் அன்பர்களுக்காகவே.

சிறு சங்கத்தின் செயலாளராக இருப்பது எளிய காரியமன்று என்பதை அப்பொறுப்பை ஏற்றவர் அறிவர். பொங்கல் விழாவுக்குப் பணம் சேர்ந்துவிடும். விழா கண்ணுக்குத் தெரிவது, ஒரே நாளில் முடிந்துவிடுவது. ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் வகுப்பு, வாசகசாலை, துணையற்ற முதியோருக்கு மருத்துவ உதவி ஆகியவை நாள்தோறும் நடக்கவேண்டியவை. இவற்றுக்கு மாதந்தோறும் தவறாமல் பணம் வேண்டும். ரசீதுப் புத்தகத்துடன் செயலாளர் ஏறி இறங்கும் வீடுகளோ ஆண்டுதோறும் அதே பத்துப் பதினைந்து வீடுகள்தாம். அவற்றில் இரண்டு குடும்பத்தார் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டால், அவ்வாண்டு வரவில் துண்டு விழுகிறது. ஆசிரியருக்குச் சம்பளம் தர இயலாமல் வகுப்பு நடுவாண்டில் நின்றுபோகிறது. அதனால் சங்கத்துக்கு நேரும் இழப்புச் சிறிது; தேர்வை எதிர்நோக்கி அங்கே படித்துவந்த பிள்ளைக்கு நேரும் இழப்புப் பெரிது. நிலையான வருவாய்க்கு நாம் வழி தேடவேண்டுவது அந்தப் பிள்ளையை முன்னிட்டே ஆகும்.

அவ்வழிகளுள் ஒன்று, ஊர் மக்களின் கொடைகளைத் திரட்டி அவ்வூரின் நலனுக்கே செலவிடும் பொது அறநிதி. ஆங்கிலத்தில் இதனைக் ‘கம்யூனிட்டி பவுண்டேஷன்’ என்பர். நாம் சமுதாய அறநிதி என்று சொல்வோம். ஒரு தனிச் செல்வரோ ஒரு குடும்பமோ நிறுவும் அறக்கட்டளைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே கொடையாளர் ஒருவர். அவர் விரும்பிய நோக்கமே அறக்கட்டளையின் நோக்கம். இங்கே கொடையாளர் பலர். பெருந்தொகை தருவோரும் சிறுதொகை தருவோரும் உண்டு. நிதி எந்த ஊரில் திரண்டதோ அந்த ஊரின் தேவையே அதன் நோக்கம்.

இம்முறை முதலில் உருப்பெற்றது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரில், 1914-ஆம் ஆண்டில். அதனைத் தோற்றுவித்தவர் பிரெடரிக் கோஃப் என்னும் வங்கித் தலைவர். இறந்துபோனவர்கள் உயிலில் எழுதிவைத்த தருமங்கள் பல, காலம் மாறியபின் பயனற்றுப் போவதை அவர் கண்டார். ஒரு நோய்க்கென ஒருவர் நிதி வைத்துச் சென்றார் எனக் கொள்வோம். அந்நோய் உலகைவிட்டு நீங்கினாலும் நிதி அதற்கே கட்டுண்டு கிடக்கும்; பக்கத்தில் பள்ளிக்கூடம் இடிந்து கிடந்தாலும் அதனைத் தொட இயலாது. ஆகவே கோஃப் ஒரு புது ஏற்பாட்டைச் செய்தார். பலர் தரும் கொடைகளை வங்கி ஒன்றாகக் காக்க வேண்டும். அவற்றின் வருவாயை எதற்குச் செலவிடுவது என்பதை உள்ளூர்க் குழு ஒன்று அவ்வக்காலத் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அக்குழுவில் வங்கி நியமித்தவர்களோடு நகரத் தலைவரும் நீதிபதிகளும் நியமித்தவர்களும் இடம்பெற்றனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நிலையம் தன் தொடக்க ஆண்டுகளில், பெருந்தொகைகளை வழங்கும் நிலையை அடையுமுன்பே, நகரின் குறைகளை ஆராயப் புகுந்தது. கிளீவ்லாந்துப் பள்ளிகளின் நிலையை 1915-ஆம் ஆண்டு தொடங்கி விரிவாக ஆராய்ந்தது. அந்நகரின் குற்றவியல் நீதிமுறையைப் பற்றி ஆராயச் செய்து 1922-இல் அறிக்கை வெளியிட்டது. முதலில் தேவையை அறிவது, பிறகு பணத்தை அளிப்பது என்பது அதன் முறையாயிற்று. விண்ணப்பிக்கும் நமக்கும் அந்த முறையே வழிகாட்டி.

மூலநிதியைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் கருத்து தமிழருக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைப் பலவிடங்களில் காண்கிறோம். அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என வழங்கினர். ஆடுகள் மூப்படையும், இறக்கும். ஆயினும் பிறக்கும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும். ஆட்டைப் பெற்றவர் அளக்கவேண்டியது நெய் மட்டுமே. பொன்னைப் பெற்றுக்கொண்டு அதன் வட்டியால் தருமத்தை நடத்த ஊர்ச்சபைகள் உடன்பட்டதையும் கல்வெட்டுகள் கூறும். ஊரார் கூடி ஊரின் அறத்தைக் காப்பது நம் முன்னோர் கண்ட நெறி. அந்நெறியின் இக்கால வடிவத்தையே இங்கே பேசுகிறோம்.

இந்தியாவில் இவ்வகை நிதிகளுக்கு முன்னோடியாக எண்ணப்படுவது, 1990-களின் தொடக்கத்தில் மும்பையில் ஏற்பட்ட பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட். அமெரிக்காவில் உள்ளதுபோல் ஊர்தோறும் இவை நம் நாட்டில் பரவிவிடவில்லை. நாம் வாழும் நகரில் இப்பெயருடன் ஒரு நிலையம் இல்லாமலும் இருக்கலாம். அப்போது உள்ளூர் அறக்கட்டளைகள், ரோட்டரி போன்ற சங்கங்கள், கம்பெனிகள் ஆகியவற்றை அணுகவேண்டியிருக்கும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் நிகர லாபத்தின் மூன்றாண்டுச் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகநலப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று விதித்துள்ளது. அப்பணியில் தம் தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் கூறுகிறது. யாரை அணுகினாலும் அணுகும் முறை ஏறத்தாழ ஒன்றே.

நம்மவர் பலரிடம் ஒரு தயக்கம் உண்டு: ‘நாம் ஏன் பிறரிடம் கையேந்தவேண்டும்?’ இரத்தலின் இழிவைத் திருவள்ளுவர் ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரம் வகுத்துப் பேசியவர். ஆதலின் இத்தயக்கம் இயல்பானது. ஆனால் அதே வள்ளுவர் ‘ஈகை’ என்னும் அதிகாரத்துக்கு முன்னே ‘ஒப்புரவறிதல்’ என்னும் அதிகாரத்தை வைத்திருக்கிறார் என்பதையும் எண்ணவேண்டும். வறியவர்க்கு ஒருவர் தருவது ஈகை. ஊர் முழுமைக்கும் பயன்படுமாறு வாழ்வது ஒப்புரவு. சமுதாய அறநிதி ஒப்புரவின்பாற்பட்டது. அந்நிதியைக் காக்கும் அறங்காவலர்களுக்கு நல்ல பணியாளர் தேவை. நல்ல பணி செய்வோருக்கு நிதி தேவை. நாம் அவர்களிடம் போவது, ஊர்ப் பணத்தை ஊர்ப் பணிக்கு எப்படிச் செலவிடலாம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுபோவதாகும். இதனை மனத்தில் கொண்டால் தாழ்ந்து குழைவதும் வேண்டாம். உரிமை கொண்டாடி அதட்டுவதும் வேண்டாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி பெறப்படுகிறது. விண்ணப்பத்தில் பேசவேண்டியது ஊரின் தேவை. சங்கத்தின் தேவை அன்று. ‘எங்கள் சங்கம் பல ஆண்டுகளாகத் தமிழ்ப்பணி ஆற்றிவருகிறது, கட்டடம் பழுதாகிவிட்டது, உதவுக’ என்று எழுதினால், படிப்பவருக்கு அச்சங்கத்தின்மீது அனுதாபம் பிறக்கலாம், ஆனால் மும்பை நகருக்கு அதனால் விளையும் பயன் யாது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. ‘இவ்வட்டாரத்துக் குடியிருப்புகளில் தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்கின்றனர், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை, அவ்விடத்தை நாங்கள் தர விரும்புகிறோம்’ என்று எழுதினால் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. சங்கம் தமிழருடையதாகவே இருக்கலாம். ஆனால் அதன் மாலை வகுப்பில் பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையும், எதிர்வீட்டு உத்தரப் பிரதேசத்துப் பிள்ளையும் உட்கார இடமிருக்கிறதா என்பதை அறங்காவலர் நோக்குவர், நோக்குவதே முறை. நிதி அனைவரும் சேர்ந்து தந்தது. ஆகவே கதவும் அனைவர்க்கும் திறந்திருக்கவேண்டும்.

அதனால் தமிழ்ப்பணியைக் கைவிடவேண்டும் என்பதில்லை. தாய்மொழிக் கல்வியும் ஊரின் தேவையாகலாம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, பள்ளியில் வேறு மொழியில் பாடம் கேட்டுப் பின்தங்குகிறது எனில், அதன் மொழியில் விளக்கி உதவும் ஆசிரியர் அந்த ஊர்ப் பள்ளிக்கே உதவுகிறார். இவ்வாறு நம் பணியை ஊரின் பார்வையில் வைத்து நோக்கப் பழகவேண்டும். விழா, பட்டிமன்றம், கலை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு உறுப்பினர் சந்தாவே தக்கது. அவற்றை இவ்விண்ணப்பத்தில் கலவாதிருப்பது நல்லது.

இனி, கைவசம் வைத்திருக்கவேண்டிய பத்திரங்களைப் பார்ப்போம். முதலாவது, சங்கத்தின் பதிவு. இதில் மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறுபடும். தில்லியில் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் வழங்குகிறது. கர்நாடகத்துக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டமும், மேற்கு வங்கத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியே உண்டு. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்படி அறநிலைய ஆணையரிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் நண்பர் ஒருவரின் சங்கம் எந்த விதியின்படி பதிவாயிற்று என்று கேட்டு அதனையே பின்பற்றுவது பயன்தராது. குடியிருக்கும் மாநிலத்தின் சட்டமே நமக்குச் சட்டம்.

இரண்டாவது, வருமானவரித் துறையின் சான்றிதழ்கள். சங்கத்தின் வருவாய்க்கு விலக்கு அளிப்பது ஒன்று. சங்கத்துக்குக் கொடை தருவோருக்கு வரிச்சலுகை அளிப்பது மற்றொன்று. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி என்னும் பிரிவுகளின் பெயரால் இவை நெடுங்காலம் வழங்கின. 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளமையால், விண்ணப்பத்தில் எழுதுமுன் செல்லத்தக்க எண்ணைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்க. இச்சான்றிதழ்கள் குறித்த காலந்தோறும் புதுப்பிக்கவேண்டியவை என்பதையும் மறத்தலாகாது. மூன்றாவது, கணக்குத் தணிக்கை அறிக்கைகள். வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்குரியவை கேட்கப்படும். நான்காவது, சங்கத்தின் பெயரில் வருமானவரி நிரந்தர எண்ணும் வங்கிக் கணக்கும். செயலாளரின் சொந்தக் கணக்கில் சங்கப் பணத்தை வைத்திருப்பது, அவர் எவ்வளவு நாணயமானவராயினும், விண்ணப்பத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் ‘தர்ப்பண்’ பதிவேட்டில் பெற்ற எண்ணையும் பல நிலையங்கள் கேட்கின்றன.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்தின்படி, ஓர் அமைப்புத் தான் பெற்ற அயல்நாட்டுக் கொடையை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தர இயலாது. ஆகவே உள்ளூர் அறநிதி நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருந்தாலும் அதிலிருந்து நமக்கு மானியம் கிடைக்காது. உள்நாட்டில் திரண்ட நிதியிலிருந்தே அது தரக்கூடும்.

பத்திரங்கள் ஆயத்தமானபின், நிதி நிலையத்தைப் பற்றி அறிந்துகொள்ளவேண்டும். அது எவ்வட்டாரத்தில் செலவிடுகிறது? கல்விக்கா, மருத்துவத்துக்கா, முதியோருக்கா? சென்ற ஆண்டுகளில் யார் யாருக்கு, எவ்வளவு தொகை தந்தது? கட்டடத்துக்கு உதவுமா? ஆண்டில் எந்த மாதத்தில் விண்ணப்பம் பெறுகிறது? அதன் ஆண்டறிக்கையைப் படித்தால் இவற்றுட் பெரும்பாலானவை தெரிந்துவிடும். சமுதாய அறநிதிகள் சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட கொடையாளர், தம் தொகை இன்ன பணிக்கே செலவாகவேண்டும் என்று ஒதுக்கியிருப்பார். எந்த ஒதுக்கீட்டுடன் நம் பணி பொருந்துகிறது என்று கேட்டறிவது குற்றமாகாது. அலுவலர்கள் அத்தகைய வினாவை வரவேற்பர். ஒரே விண்ணப்பத்தை இருபது பிரதி எடுத்து இருபது இடங்களுக்கு அனுப்புவதைக் காட்டிலும், பொருந்தும் ஓர் இடத்துக்குப் பொருந்துமாறு எழுதுவது மேல்.

பல நிலையங்கள் முழு விண்ணப்பத்தைக் கேட்குமுன் ஒரு சிறு கடிதத்தைக் கேட்கும். இரண்டு பக்கத்துக்குள் அடங்கவேண்டிய அக்கடிதத்தில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: நாம் யார், யாருக்கு என்ன குறை, அதற்கு நாம் செய்ய எண்ணுவது என்ன, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் நாம் கேட்பது எவ்வளவு. சங்கத்தின் வரலாற்றை முதற்பக்கம் முழுவதும் எழுதிவிட்டுத் தேவையைக் கடைசிப் பத்தியில் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. வரலாறு இரண்டு வாக்கியத்தில் முடியட்டும். நடையும் எளிதாக இருக்கட்டும். அடைமொழிகள் மானியத்தைப் பெற்றுத் தருவதில்லை.

இக்கடிதம் ஏற்கப்பட்டபின் எழுதும் முழு விண்ணப்பத்தின் உயிர்நிலை, வரவு செலவுத் திட்டம். ஓர் உதாரணம் காண்போம். மேலே கூறிய மாலை வகுப்பை 40 பிள்ளைகளுக்குப் பத்து மாதம் நடத்தவேண்டும் எனக் கொள்வோம். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் ரூ. 8,000 வீதம் ரூ. 1,60,000. அறை வாடகை மாதம் ரூ. 6,000 வீதம் ரூ. 60,000. புத்தகம், எழுதுபொருள் ஆகியவற்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ரூ. 1,000 வீதம் ரூ. 40,000. சிற்றுண்டிக்குப் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ. 10 வீதம், மாதம் 20 நாட்களுக்கு, ரூ. 80,000. கணக்கெழுதுதல், தணிக்கை ஆகியவற்றுக்கு ரூ. 20,000. ஆக மொத்தம் ரூ. 3,60,000. இதனைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ. 9,000, மாதத்துக்கு ரூ. 900 ஆகும். அறங்காவலர் மனத்தில் நிற்பது இந்தக் கடைசி எண்தான். ஒரு பிள்ளைக்கு மாதம் 900 ரூபாயில் ஆசிரியரும் புத்தகமும் சிற்றுண்டியும் கிடைக்கும் என்று அறிந்தபின், அது தகுமா தகாதா என அவர் எளிதில் தீர்மானிப்பார்.

இம்மொத்தத் தொகையையும் கேட்டுவிடுதல் நன்றன்று. உறுப்பினர் சந்தாவிலிருந்து ரூ. 60,000, வட்டாரத்து வணிகர்களிடமிருந்து ரூ. 40,000, ஆக ரூ. 1,00,000 நாங்கள் திரட்டுகிறோம், எஞ்சிய ரூ. 2,60,000 தாருங்கள் என்று கேட்பதில் வலிமை உண்டு. தம் பையில் கைவிடாதவர் பிறர் பையைப் பார்ப்பதை யாரும் விரும்பார். பணமாகத் தர இயலாவிடினும், உறுப்பினர் இருவர் சனிக்கிழமைகளில் ஊதியமின்றிப் பாடம் நடத்துவர் என்றால் அதனையும் குறிக்கலாம். ஆனால் தணிக்கைச் செலவு, வாடகை போன்றவற்றை மறைத்து, எல்லாப் பணமும் பிள்ளைகளுக்கே போய்ச்சேரும் என்று எழுதவேண்டா. கணக்கு எழுதாமல் எந்த வகுப்பும் நடவாது என்பதை நிதி காப்போர் நன்கறிவர். மெய்யான செலவை மெய்யாகவே காட்டுக.

அடுத்து, பணி வெற்றி பெற்றதை எவ்வாறு அறிவது என்னும் வினா எழும். ‘மாணவரின் வாழ்வு மலரும்’ என்பது விடையாகாது. 40 பிள்ளைகளில் எத்தனை பேர் நூற்றுக்கு எண்பது நாட்களேனும் வந்தனர், பள்ளியை விட்டு நின்றவர் எத்தனை பேர், ஜூன் மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்களில் எத்தனை பேர் மார்ச்சு மாதத்தில் சரளமாகப் படிக்கின்றனர் என்று சொல்லத் தகுந்தவற்றையே சொல்லுக. வருகைப் பதிவேடும் ஒரு சிறு வாசிப்புத் தேர்வும் இதற்குப் போதும். தொடக்கத்தில் ஒரு முறை சோதித்து எழுதிவைக்காவிடில், ஆண்டிறுதியில் முன்னேற்றத்தைக் காட்ட வழியில்லை. இயலாததை வாக்களிப்பதைவிட இயன்றதைச் சற்றுக் குறைத்தே சொல்வது பாதுகாப்பானது.

விண்ணப்பத்தைப் படித்தபின் நிலையத்தார் நேரில் வந்து பார்ப்பதுண்டு. அன்று மாலையும் போடவேண்டா, மேடையும் கட்டவேண்டா. வழக்கம்போல் வகுப்பு நடக்கட்டும். ஆசிரியரும் ஒரு தாயும் தாமே பேசட்டும். வருபவர் அவ்வூர் மொழியில் பேசுவார். அம்மொழியில் விடை சொல்லவல்ல ஒருவர் குழுவில் இருக்கவேண்டும். மும்பையில் மராத்தியும், பெங்களூரில் கன்னடமும், கொல்கத்தாவில் வங்காளியும் அறிந்தோர் நம் சங்கங்களில் குறைவில்லை. ஆயினும் அவர்களைப் பொறுப்பில் அமர்த்தும் வழக்கம் குறைவு. வட்டாரத்துப் பெரியவர் ஒருவரை, அவர் தமிழர் அல்லாதவராயினும், ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொள்வது சங்கத்துக்குப் பெருமையே தரும்.

மானியம் கிடைத்துவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. அன்றே பொறுப்புத் தொடங்குகிறது. அத்தொகைக்குத் தனிக் கணக்கு வைக்கவேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு இருக்கவேண்டும். சிற்றுண்டிக்குப் பெற்ற பணத்தை விழாவுக்குக் கைமாற்றாக எடுத்துப் பின்னர் வைத்துவிடலாம் என்னும் எண்ணம் பல நல்ல சங்கங்களின் பெயரைக் கெடுத்திருக்கிறது. சூழ்நிலை மாறி, ஓர் ஆசிரியர் விலகி, பணம் மிஞ்சினால், அதனை வேறு வகையில் செலவிடுமுன் எழுதிக் கேட்டு எழுத்தில் அனுமதி பெறுக. குறித்த நாளில் அறிக்கை அனுப்புக. நாற்பது பிள்ளைகள் வருவர் என்று எழுதி முப்பதே பேர் வந்திருந்தால், முப்பது என்றே எழுதி, வராமைக்குக் காரணத்தையும் கூறுக. உண்மையான குறையைப் பொறுத்துக்கொள்ளும் அறங்காவலர் உண்டு. பொய்யான நிறைவைப் பொறுப்பவர் இல்லை.

விண்ணப்பம் மறுக்கப்படவும் கூடும். நிதி சிறிது, கேட்போர் பலர்; மறுப்பினால் நம் பணி தாழ்ந்ததென்று ஆகிவிடாது. மறுத்ததற்கு நன்றி கூறி ஒரு கடிதம் எழுதி, குறை யாது என்று பணிவுடன் கேட்டால், பெரும்பாலும் விடை கிடைக்கும். வட்டாரம் பொருந்தவில்லையா, தணிக்கை அறிக்கை பழையதா, தொகை மிகையா என்று அறிந்தால் அடுத்த ஆண்டு திருந்திய விண்ணப்பம் அனுப்பலாம். அறிமுகமும் நம்பிக்கையும் ஓராண்டில் வளர்வனவல்ல.

மற்றொரு வினாவுக்கு முன்னதாகவே விடை தேடிவைக்கவேண்டும்: மானியம் நின்றபின் வகுப்பு என்னாகும்? இத்தகைய நிதிகள் பெரும்பாலும் ஓராண்டுக்கோ சில ஆண்டுகளுக்கோ உதவுவன, என்றென்றும் தருவனவல்ல. ஆகவே முதலாண்டில் ரூ. 1,00,000 திரட்டிய சங்கம் இரண்டாம் ஆண்டில் ரூ. 1,40,000, மூன்றாம் ஆண்டில் ரூ. 1,80,000 எனத் தன் பங்கை உயர்த்த வழி காணவேண்டும். மானியத்தைக் காட்டிப் பிறரிடம் கொடை கேட்பது எளிது. நகரின் நிதி நம்பிய சங்கத்தை நகரத்தாரும் நம்புவர். அந்த நம்பிக்கையே மானியத்தைவிடப் பெரிய ஆதாயம்.

இறுதியாக ஒன்று. பெறுவதைப் பற்றியே இதுவரை பேசினோம். தருவதும் நம் கடமையே. முப்பது நாற்பது ஆண்டுகள் ஓர் ஊரில் உழைத்து, அவ்வூர்த் தண்ணீரைக் குடித்து, அவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழர், தம் தருமத்தை எல்லாம் சொந்த ஊர்க் கோயிலுக்கே அனுப்பிவைப்பது வழக்கமாக இருக்கிறது. அதனைக் குறை கூற வரவில்லை. ஆயினும் வாழும் ஊரின் பொதுநிதியிலும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையாவது தமிழ்ச் சங்கத்தின் பெயரால் சேருமாயின், அந்நிதியிடம் கேட்கும்போது அயலார் வீட்டு வாசலில் நிற்கும் உணர்ச்சி நமக்கு இராது. கொடுத்தும் கேட்டும் கணக்குக் காட்டியும் வாழ்பவரே ஓர் ஊரின் குடிமக்கள். நம் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இந்த ஒரு பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுமாறும், பதிவுப் பத்திரமும் தணிக்கை அறிக்கையும் எங்கே இருக்கின்றன என்று அன்றே எடுத்துப் பார்க்குமாறும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.